பவர் ஸ்டீயரிங்கில் ஏர் எடுப்பது: எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே முடிய வேண்டிய வேலை

பம்ப் மாற்றியாயிற்று. அல்லது ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக்கை மாற்றியாயிற்று. அதுவும் இல்லையென்றால், ஒழுகிக்கொண்டிருந்த ஹோஸைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாயிற்று. ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘ஙொய்ங்’ என்று ஒரு முனகல். ஸ்டீயரிங் ஒரு சமயம் லேசாகவும் ஒரு சமயம் இறுக்கமாகவும் விட்டுவிட்டுத் திரும்புகிறது. ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் நுரை பொங்கி நிற்கிறது. புதுப் பம்பும் போய்விட்டதோ என்று பதற வேண்டியதில்லை. பழுது பார்த்த கையோடு இப்படி ஆனால், பெரும்பாலும் காரணம் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுதான். அதை வெளியேற்றுவதைத்தான் ‘ஏர் எடுப்பது’ என்கிறோம்.

இதற்குச் சிறப்புக் கருவி எதுவும் கட்டாயம் இல்லை. தேவைப்படுவது பொறுமை. அந்தப் பொறுமை எதற்கு, எந்த இடத்தில் என்பது புரிந்துவிட்டால் வேலை ஒரே தடவையில் முடிந்துவிடும். புரியாமல் செய்தால் மூன்று நாள் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில், உங்கள் காருக்கு இது பொருந்துமா என்று பாருங்கள். இன்றைய கார்களில் பெரும்பாலானவை மின் மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் கொண்டவை. அவற்றில் ஆயிலும் இல்லை, ஹோஸும் இல்லை. எனவே ஏர் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பானட்டைத் திறந்தால், ஸ்டீயரிங் சக்கரப் படம் போட்ட மூடியோடு ஒரு சின்னத் தொட்டி இருந்தால் உங்களுடையது ஹைட்ராலிக் வகை. எஞ்சின் பெல்ட்டில் சுழலும் பம்புக்குப் பதிலாக மின்சாரப் பம்ப் வைத்த இடைப்பட்ட வகையும் உண்டு. அதிலும் ஆயில் உண்டு, காற்றும் புகும். ஆனால் அவற்றில் சில மாடல்களுக்கு ஸ்கேனர் கருவியை மாட்டிப் பம்பை இயக்கித்தான் ஏர் எடுக்க முடியும். அந்த வகையென்றால் கையேட்டைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

தொட்டியிலிருந்து ஆயில் ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் வழியாகப் பம்புக்கு இறங்குகிறது. இது உறிஞ்சும் பக்கம். பம்ப் அதை அழுத்தி, இரும்பு முனைகள் வைத்து நெரித்த உயர் அழுத்த ஹோஸ் வழியாக ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக்கின் தலையில் ஒரு வால்வு. நீங்கள் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அதற்கேற்ப, அந்த வால்வு ரேக் சிலிண்டரின் இடது அறைக்கோ வலது அறைக்கோ ஆயிலைத் திறந்துவிடும். உள்ளே உள்ள பிஸ்டன் அந்த அழுத்தத்தில் நகர்ந்து சக்கரங்களைத் தள்ளும். மறு அறையில் இருந்த ஆயில் வெளியேறி ரிட்டர்ன் ஹோஸ் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். சில கார்களில் அந்த ரிட்டர்ன் வழியில், ரேடியேட்டருக்கு முன்னால் வளைந்து போகும் ஒரு குளிர்விப்புக் குழாயும் இருக்கும்.

நேராகப் போகும்போது அழுத்தம் சில பார் அளவுதான் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்தால் அது 70, 80 பாரைத் தாண்டி, மிகை அழுத்தத்தை விடுவிக்கும் பம்பின் ரிலீஃப் வால்வு திறக்கும் அளவுக்கு ஏறும். ஆயிலைப் பொறுத்தவரை இது ஒரு பொருட்டே அல்ல. திரவம் சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம். காற்றின் கதை வேறு. 80 பார் அழுத்தத்தில் ஒரு காற்றுக் குமிழி ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பம்ப் தள்ளும் வேலையில் ஒரு பகுதி அந்தக் குமிழியைப் பிசைவதிலேயே போய்விடுகிறது. பிஸ்டனுக்குப் போய்ச் சேரும் அழுத்தம் தயங்கித் தயங்கி வருவதால்தான் ஸ்டீயரிங் விட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்த முனகல் சத்தம், பம்புக்குள் சுழன்று ஆயிலைத் தள்ளும் தகடுகள் ஆயிலையும் காற்றையும் மாறி மாறி விழுங்கும்போது எழுவது. சத்தத்தோடு போய்விட்டால் பரவாயில்லை. அந்தத் தகடுகளுக்கு ஆயில் ஒன்றே மசகு. நுரையைக் குடித்துக்கொண்டே ஓடினால் அவை தேயத் தொடங்கும். ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று அப்படியே வண்டியை எடுத்துப்போவது புதுப் பம்பின் ஆயுளை நாமே குறைப்பதுதான்.

பெரிய குமிழியும் சின்னக் குமிழியும்

இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்து கிளைத்தவை.

ஆயிலுக்குள் ஒரு குமிழி மேலேறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாதாரண பவர் ஸ்டீயரிங் ஆயில் சற்றுச் சூடாக இருக்கும்போது, 1 மிமீ குமிழி 10 செமீ உயரத்தை ஏழெட்டு வினாடியில் ஏறிவிடும். அதையே பத்தில் ஒரு பங்காக்கி 0.1 மிமீ ஆக்கினால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். அதே 10 செமீ ஏற ஏறக்குறைய 12 நிமிடம். 0.05 மிமீ என்றால் முக்கால் மணி நேரம். ஆயில் குளிர்ந்திருந்தால் அது கெட்டியாக இருப்பதால் இந்த நேரங்கள் இன்னும் இரண்டு மடங்காகும்.

இப்போது பம்ப்பைப் பாருங்கள். ஐடிலிங்கில் அது நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் குறையாமல் சுழன்று, சில லிட்டர் ஆயிலைத் தள்ளுகிறது. மொத்த அமைப்பில் இருப்பதே சராசரிக் காரில் 1 லிட்டர் சொச்சம்தான். தொட்டியில் அதில் மூன்றில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், திரும்பி வரும் ஆயில் தொட்டியில் தங்கும் நேரம் மூன்று நான்கு வினாடிகூட இல்லை. அதற்குள் சில மிமீ அளவுள்ள பெரிய குமிழி மேலேறி உடைந்துவிடும். மேலேற 12 நிமிடம் கேட்கும் சின்னக் குமிழி என்ன செய்யும்? திரும்பவும் பம்புக்குள் போகும், இன்னும் பொடியாகும், இன்னொரு சுற்று வரும்.

ஆகவே, எஞ்சின் ஓடாதவரை உள்ளே இருக்கும் காற்று பெரிய பெரிய குமிழிகளாக, எளிதில் வெளியேறும் நிலையில் இருக்கிறது. எஞ்சின் ஓடிய அந்த நொடியே பம்ப் அதை மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கிவிடுகிறது. காற்றில் பெரும்பகுதியை எஞ்சின் அணைந்திருக்கும்போதே வெளியேற்றிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

தொடங்கும் முன்

ஆயில் விஷயத்தில் ஊகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். மூடியிலோ கையேட்டிலோ எந்த வகை என்று இருக்கும். பல கார்கள் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், கேட்கும். அது சிவப்பாக இருக்கும். பல ஐரோப்பியக் கார்கள் சிஎச்எஃப் 11எஸ் போன்ற பச்சை நிற சிந்தெடிக் ஆயில் கேட்கும். ஹோண்டா தனக்கென்று தனி ஆயில் வைத்திருக்கிறது. நிறத்தைப் பார்த்து ஒப்பிட்டு ஊற்றுவது தவறு. பழைய ஆயில் நிறம் மாறியிருக்கும். பிரேக் ஆயிலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. இந்த அமைப்பின் ரப்பர் சீல்களுக்கு அது ஆகாது. ஊதிப் போய்க் கெட்டுவிடும். பிறகு பம்ப், ரேக் இரண்டையும் பிரித்தாக வேண்டியிருக்கும். கையில் 2 லிட்டர் வைத்துக்கொள்வது நல்லது. வேலை நடுவில் ஆயில் தீர்ந்து தொட்டி காலியானால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

தொட்டியின் அடியில் பெரும்பாலும் ஒரு வலை வடிகட்டி இருக்கும். பழைய பம்ப் தேய்ந்து உதிர்ந்த தூள் அதில் அடைத்திருந்தால், புதுப் பம்புக்குப் போதிய ஆயில் இறங்காது. இழுக்க இழுக்க ஆயில் வராதபோது உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் சரிகிறது. ஆயிலில் கரைந்திருக்கும் காற்றே குமிழியாகப் பிரிந்து வெளியே வருகிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் ஆயிலில் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு காற்று கரைந்தே இருக்கும். வெளியிலிருந்து ஒரு துளி காற்றும் புகாமலே நுரை வரும் கூத்து இப்படித்தான் நடக்கிறது. தொட்டியைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். வடிகட்டி தொட்டியோடு சேர்ந்தே வார்க்கப்பட்டதாக இருந்து, அடைப்பும் விடாப்பிடியாக இருந்தால் தொட்டியை மாற்றிவிடுவதே மேல்.

புதுப் பம்ப் போடுகிறீர்களென்றால், பெல்ட்டை மாட்டும் முன் அதற்கு ஆயில் ஊட்டிவிடுங்கள். உறிஞ்சும் வாயில் ஆயிலை ஊற்றிக்கொண்டே புல்லியைக் கையால், அது சுழலும் திசையிலேயே சுற்றுங்கள். வெளியேறும் வாயில் குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை சுற்ற வேண்டும். உலர்ந்த பம்பை எஞ்சினோடு ஓடவிடும் முதல் சில வினாடிகளில்தான் அதற்கு அதிகக் காயம்.

ரேக்கை மாற்றியவர்களுக்குத் தனியாக ஒன்று: ஸ்டீயரிங் தண்டின் முனை ரேக்கோடு மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கைச் சுழற்றாதீர்கள். ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் பட்டை குறிப்பிட்ட சுற்றுக்குமேல் தாங்காமல் அறுந்துபோகும். இணைப்பு மாட்டி, போல்ட் முறுக்கியபிறகே கீழே சொல்லும் வேலை.

எஞ்சின் அணைந்த நிலையில்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகக் கூடாது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் இருப்பது முக்கியம். டயர் தரையில் உரசிக்கொண்டே திரும்பினால், எஞ்சின் அணைந்த நிலையில் திருப்ப இரண்டு கையும் போதாது. எஞ்சின் ஓடும் நிலையிலோ அந்தச் சுமைக்கேற்ப அழுத்தம் ஏறி, மிஞ்சியிருக்கும் காற்று ஆயிலோடு இன்னும் நுணுக்கமாகக் கலக்கும். தொங்கும் சக்கரத்தை ஒரு விரலால்கூடத் திருப்பலாம்.

தொட்டியில் குளிர்நிலைக் குறிவரை ஆயிலை ஊற்றுங்கள். மெதுவாக, தொட்டியின் உள்சுவரை ஒட்டி வழியவிட்டு ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து கொட்டினால் அதுவே காற்றை இழுத்துக்கொண்டு போகும். ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். ஆயில் உறிஞ்சும் ஹோஸில் இறங்க, அதிலிருந்த காற்று தானாக மேலே வரும். மட்டம் குறைந்திருக்கும், திரும்ப ஊற்றுங்கள்.

இனி சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். இதை லாக் டு லாக் என்பார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஏழெட்டு வினாடி ஆகும்படி நிதானமாகத் திருப்ப வேண்டும். இப்போது ரேக்கிலுள்ள பிஸ்டனே ஒரு கைப்பம்பாக வேலை செய்கிறது. ஒரு அறையிலிருக்கும் ஆயிலையும் காற்றையும் ரிட்டர்ன் வழியாகத் தொட்டிக்குத் தள்ளி, மறு அறைக்குள் ஆயிலை இழுத்துக்கொள்கிறது. உதவிக்கு ஒருவர் தொட்டியருகே நின்றால், ரிட்டர்ன் வாயிலிருந்து ‘களக் களக்’ என்று குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தபட்சக் குறிக்குக் கீழே ஒரு முறை இறங்கிவிட்டாலும் புதுக் காற்று உள்ளே போயிற்று என்று பொருள்.

எத்தனை தடவை திருப்ப வேண்டும்? சாதாரண அமைப்புக்கு 20 தடவை. நீளமான ரிட்டர்ன் குழாயோ குளிர்விப்புச் சுருளோ இருந்தால் 40. ஐந்தாறு தடவையிலேயே குமிழி வருவது நின்றதுபோலத் தோன்றும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். குழாயின் உயரமான வளைவில் ஒதுங்கியிருக்கும் காற்று ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் நகர்ந்து, ரிட்டர்ன் பக்கம் வந்து சேர நேரம் பிடிக்கும். இருபதும் முடிந்தபின் கடைசி நான்கைந்து திருப்பலில் ஒரு குமிழிகூட வரவில்லை, மட்டமும் இறங்கவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டம்.

சில லாரிகளிலும் பழைய ஜீப் வகை வண்டிகளிலும் ரேக்குக்குப் பதிலாக ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும். அவற்றில் சிலவற்றின் தலையில் பிரேக்கில் இருப்பதுபோல ஏர் எடுக்கும் நிப்பிள் ஒன்று இருக்கும். இருந்தால் அதில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, லேசாகத் திறந்துவைத்து குமிழியற்ற ஆயில் வரும்வரை விட்டு மூடலாம். கார்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

எஞ்சின் ஓடும் நிலையில்

ஸ்டார்ட் செய்தவுடனே தொட்டியின் மட்டம் சட்டென்று இறங்கும். உயர் அழுத்த ஹோஸில் இருக்கும் காலி இடத்தைப் பம்ப் நிரப்புவதால் அப்படி. எனவே தொட்டியருகே நிற்பவர் ஆயில் பாட்டிலோடு தயாராக இருக்க வேண்டும். தனியாகச் செய்பவர் இரண்டு வினாடி மட்டும் ஓடவிட்டு அணைத்து, நிரப்பி, மறுபடி இரண்டு வினாடி என்று மூன்று நான்கு தடவை செய்யலாம். இன்னும் மென்மையான வழி, எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரால் மட்டும் ஐந்தைந்து வினாடி சுற்றவிடுவது. பம்ப் மிக மெதுவாகச் சுழல்வதால் கடைதல் குறைவு. ஸ்டார்ட்டர் சூடாகிவிடாமல் ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அரை நிமிடமாவது விடுங்கள்.

மட்டம் நிலைத்தபின் ஐடிலிங்கிலேயே விட்டு, ஸ்டீயரிங்கை மெதுவாக லாக் டு லாக் பத்துப் பதினைந்து தடவை திருப்புங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். கோடியில் லேசாகத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும். அங்கே அழுத்திப் பிடித்தால் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றி, வினாடிகளில் கடுமையாகச் சூடாகும். 5 வினாடிக்குமேல் ஒருபோதும் பிடிக்காதீர்கள். கோடியில் கேட்கும் ‘உஸ்’ சத்தம் அந்த வால்வின் சத்தம்தான், அது பழுதல்ல.

நுரை வந்துவிட்டதா? எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஓடவிட்டு நுரையை அடக்கப் பார்ப்பது நெருப்பை ஊதி அணைப்பதுபோல. மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் ஓரிரு மணி நேரம். மேலே சொன்ன 0.05 மிமீ கணக்கை நினைத்துக்கொண்டால் இந்தக் காத்திருப்பு ஏன் என்பது விளங்கும். ஆயில் தெளிந்ததும் திரும்பவும் எஞ்சின் அணைந்த நிலையில் பத்துத் திருப்பல், பிறகு ஸ்டார்ட்.

வேக்கம் பம்ப் வைத்து

சில கார்களில், முக்கியமாக ரிட்டர்ன் குழாய் நெளிந்து வளைந்து போகும் வடிவங்களில், மேலே சொன்னதையெல்லாம் செய்தும் கொஞ்சம் காற்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். அதற்குக் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கும், கையால் இயக்கும் வேக்கம் பம்ப் நல்ல வழி. தொட்டியின் வாய்க்குப் பொருந்தும் ரப்பர் அடைப்பான் ஒன்றின் நடுவே குழாயைச் செருகி, காற்று கசியாதபடி அழுத்தி, 20 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்கம் ஏற்றுங்கள்.

அந்த அளவில் உள்ளே மிச்சம் இருப்பது வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஒவ்வொரு குமிழியும் மூன்று மடங்கு பருக்கிறது. விட்டம் ஒன்றரை மடங்கு ஆவதால் மேலேறும் வேகம் இரண்டு மடங்காகிறது. குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பொடிக் குமிழிகளும் பருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பிடிவிட்டு நகர்கின்றன. சின்னக் குமிழியைப் பெரிதாக்குவதுதான் இந்தக் கருவியின் முழு வேலையும்.

எஞ்சின் அணைந்த நிலையில் வேக்கத்தை 5 நிமிடம் வைத்திருங்கள். இது ஒரு சோதனையுமாகும்: ஐந்து நிமிடத்தில் முள் 2 அங்குலத்துக்குமேல் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. முதலில் அடைப்பானைச் சந்தேகப்படுங்கள், பிறகு ஹோஸ்களை. முள் நின்றால், வேக்கத்தை மெல்ல விடுவித்து, ஆயிலை நிரப்பி, திரும்ப ஏற்றி, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு லாக் டு லாக் திருப்பி, இரண்டு மூன்று சுற்று செய்யுங்கள். வேக்கம் ஏறும்போது தொட்டியில் நுரை பொங்கி எழுந்து பம்ப் குழாய்க்குள் போகும். அதைத் தடுக்க, பொங்கி வருவதைப் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு சிறு பாட்டில் இருப்பது நல்லது. தொட்டியைக் குறிக்குச் சற்றுக் கீழே வைத்துத் தொடங்கினாலும் போதும்.

காற்று போயிற்றா என்று எப்படித் தெரியும்

சத்தம் நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சின் சூடேறிய நிலையில் ஐடிலிங்கில் ஓடும்போது, ஸ்டீயரிங் நேராக இருக்க, தொட்டியின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். உள்ளே காற்று இருந்தால், அழுத்தத்தில் சுருங்கியிருந்த அது இப்போது விரிந்து ஆயிலைத் தொட்டிக்குத் தள்ளும், மட்டம் ஏறும். 5 மிமீ வரை ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் ஏறினால் இன்னும் காற்று இருக்கிறது. ஆயிலும் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்க வேண்டும்.

பிறகு சக்கரங்களை இறக்கி, 10 கிலோமீட்டர் ஓட்டிவந்து, மட்டத்தைச் சூடுநிலைக் குறியோடு ஒப்பிடுங்கள். குறிக்கு மேலே நிரப்பி வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. சூட்டில் ஆயில் விரிந்து மூடியின் காற்றுத்துளை வழியாக வழிந்து, சைலன்சர் மேனிஃபோல்டில் விழுந்தால் புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. குறைவாக விட்டாலும் தொல்லைதான்: ரிட்டர்ன் வாய் ஆயில் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால், திரும்பி வரும் ஆயில் அருவிபோல விழுந்து தானே காற்றைக் கலக்கும்.

எடுத்தும் எடுத்தும் காற்று வந்தால்

முறையாக இரண்டு தடவை செய்தும் நுரை திரும்ப வருகிறதென்றால், மூன்றாவது தடவை செய்வதில் பயனில்லை. எங்கிருந்தோ புதுக் காற்று வந்துகொண்டிருக்கிறது. இங்கேதான் பலர் திசைமாறிப் போகிறார்கள். எங்கேயும் ஆயில் ஒழுகவில்லையே, அப்புறம் காற்று எப்படிப் போகும் என்று கேட்பார்கள். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள உறிஞ்சும் பக்கத்தில், எஞ்சின் ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டும் விழாமல் தொட்டி முழுக்க நுரை வருவதன் இரகசியம் இதுதான்.

தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. உறிஞ்சும் ஹோஸின் இரண்டு முனை கிளாம்ப்புகள்: பழைய சுருள் கிளாம்ப் பிடி தளர்ந்திருக்கும், திருகி முறுக்கும் வகைக்கு மாற்றுங்கள். ஹோஸ் முனையிலேயே ரப்பர் கெட்டித்து வெடித்திருந்தால் கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் அடைபடாது. பம்பின் உறிஞ்சும் வாயில் உள்ள சின்ன ஓ-ரிங் இருக்கிறதே, சில ரூபாய்ப் பெறாத அந்த வளையம்தான் பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி. பம்பைக் கழற்றி மாட்டும்போது அதைப் புதிதாகப் போடுவது கட்டாயம். போடும் முன் அந்த ஆயிலையே தடவிப் போட்டால் முறுக்கிக்கொள்ளாது. அடுத்தது பம்ப் தண்டின் சீல். ஹோஸ் இணைப்புகளைச் சோதிக்க எளிய வழி, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் ஹோஸின் இணைப்புகளைச் சுற்றிப் பவர் ஸ்டீயரிங் ஆயிலைத் தூரிகையால் தடவிப் பார்ப்பது. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். சத்தம் மாறினால் இடம் கிடைத்துவிட்டது. பெல்ட் பக்கம் கை, சட்டை நுனி எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தப் பக்கத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கையால் தடவவே கூடாது. ஊசித்துளை வழியாக அந்த அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அது ஆபத்து. ஒரு அட்டைத் துண்டை ஹோஸுக்கு அருகில் நகர்த்திப் பாருங்கள், ஈரம் பட்டால் தெரிந்துவிடும்.

சத்தத்துக்கெல்லாம் காற்றைப் பழி சொல்லவும் முடியாது. திருப்பும்போது மட்டும் ‘கிரீச்’ என்று கத்தினால் அது பெல்ட் நழுவுவது, இழுவையைச் சரிபாருங்கள். ஆயில் தெளிவாக இருந்து, மட்டச் சோதனையிலும் தேறி, முனகல் மட்டும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பம்பின் பேரிங்கையோ தகடுகளையோ சந்தேகப்படலாம். உயர் அழுத்த ஹோஸ் பாடியில் எங்காவது முட்டிக்கொண்டிருந்தாலும் அச்சு அசலாக அதே முனகல் காருக்குள் கேட்கும். கிளிப்பைச் சரியாக மாட்டினால் நின்றுவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் குளிர்காலக் காலையில் முதல் அரை நிமிடம் மட்டும் வரும் முனகல் பெரும்பாலும் கெட்டியான ஆயிலால் வருவது.

இன்னொரு குழப்பம் பால் நிறம். காற்றால் வெளுத்த ஆயில் ஒரு இரவு விட்டால் தெளிந்துவிடும். மறுநாளும் அப்படியே வெளுத்துக் கலங்கியிருந்தால் அதில் கலந்திருப்பது தண்ணீர். அதற்கு எத்தனை ஏர் எடுத்தாலும் தீராது. ரிட்டர்ன் ஹோஸைத் தொட்டியிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, தொட்டியின் ரிட்டர்ன் வாயை அடைத்து, மேலே புது ஆயில் ஊற்றிக்கொண்டே, எஞ்சின் அணைந்த நிலையில் லாக் டு லாக் திருப்பி, தெளிந்த ஆயில் வரும்வரை பழையதை முழுக்க வெளியேற்ற வேண்டும். அதற்கு 2 லிட்டர்வரை பிடிக்கும். ஹோஸைத் திரும்ப மாட்டியபின், ‘எஞ்சின் அணைந்த நிலையில்’ என்ற பகுதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்: தொட்டியை நிரப்பி, சாவியை ஸ்டார்ட் நிலைக்குக் கொண்டுபோகாமல், இருபது திருப்பல்.